மேற்கோள் எண்ணிக்கையும் ஆராய்ச்சித் தகுதியும்: ஆலிவர் லௌரியின் 1951ஆம் ஆண்டுக் கட்டுரை

உரையாசிரியர்கள் எடுத்தாண்ட மேற்கோள்களாலும் தொகை நூல்களாலுமே பெயர் எஞ்சி நிற்கும் நூல்கள் தமிழில் உள. தகடூர் யாத்திரை அவற்றுள் ஒன்று. நம் உரையாசிரியர்கள் கல்லாத நூலினின்று மேற்கோள் காட்டினர் எனல் பொருந்தாது. இக்கால அறிவியல் உலகிலோ மேற்கோள்கள் எண்ணப்படுகின்றன. எண்ணிக்கை மிக்க கட்டுரை தகுதி மிக்கது என்னும் கருத்தும் வேரூன்றி வருகின்றது. பதவியும் பொருளுதவியும் இவ்வெண்ணிக்கையைச் சார்ந்து அமைதலின், இக்கருத்தை ஆராய்ந்தே கொள்ளல் வேண்டும். அதற்கு ஆலிவர் லௌரி என்னும் மருந்தியல் அறிஞரின் வரலாறு தக்க சான்றாகும்.

லௌரி 1910இல் சிகாகோவிற் பிறந்தவர். சிகாகோ பல்கலைக்கழகத்தில் உடலியல் வேதியியலில் ஆய்வுப் பட்டமும் மருத்துவப் பட்டமும் 1937இல் பெற்றார். ஹார்வர்டிலும் நியூயார்க்கிலும் பணியாற்றிய பின், 1947இல் செயின்ட் லூயி நகர வாஷிங்டன் பல்கலைக்கழகத்து மருந்தியல் துறைத் தலைவரானார். 1976 வரை அப்பொறுப்பில் இருந்தார். 1996இல் மறைந்தார்.

ரோஸ்பரோ, பார், ராண்டல் ஆகிய மூவருடன் அவர் எழுதிய கட்டுரை, 'ஜர்னல் ஆப் பயாலஜிக்கல் கெமிஸ்ட்ரி' இதழின் 193ஆம் தொகுதியில் 1951இல் வெளிவந்தது. கரைசலில் உள்ள புரதத்தின் அளவைக் காணும் முறையை அது கூறுகின்றது. புதிய உண்மை எதனையும் நிறுவுவது அன்று. புரதக் கரைசலைக் காரச் செம்புக் கரைசலோடு சேர்த்து, பின் போலின் வினைப்பொருளைக் கலப்பின் நீல நிறம் தோன்றும். நிறத்தின் செறிவு புரதத்தின் அளவைக் காட்டும். 0.2 மைக்ரோகிராம் அளவேயாயினும் அறியலாம் என்பது இதன் சிறப்பு. இம்முறையின் கூறுகள் அனைத்தும் லௌரியே கண்டவையல்ல. போலின் வினைப்பொருளைப் புரதம் அளக்கப் பயன்படுத்தலாம் என 1922இலேயே ஊ சியன் என்னும் சீன அறிஞர் காட்டியிருந்தார். லௌரி குழுவினர் செய்தது, பிழை நேரும் இடங்களை ஒவ்வொன்றாகச் சோதித்து, எவரும் ஐயமின்றிக் கையாளுமாறு முறையை வரையறுத்தமையேயாம். அதுவும் எளிய பணியன்று.

2014இல் 'நேச்சர்' இதழ் வெளியிட்ட கணக்கின்படி இக்கட்டுரை 3,05,148 முறை மேற்கோளாகக் காட்டப்பெற்று முதலிடம் பெற்றது. அக்கணக்கில் அடங்கிய ஏறத்தாழ 5 கோடியே 80 இலட்சம் கட்டுரைகளுள் ஆயிரம் மேற்கோளுக்கு மேற்பட்டவை 14,499 மட்டுமே என்பதை நோக்கின், இவ்வெண்ணின் பெருமை விளங்கும். இரண்டாம் இடம் பெற்றது 1970இல் லெம்லி எழுதியது. மூன்றாவது 1976இல் பிராட்போர்டு எழுதியது. இவையும் புரத ஆய்வுக்கான முறைகளைக் கூறுவனவே.

லௌரி இதனை எவ்வாறு கருதினார்? அது பெருமை வாய்ந்த கட்டுரையன்று என்பதை அவரே அறிந்திருந்தார்; தம் ஆய்வுக்கூடத்தினின்று வெளிவந்த வேறு பல கட்டுரைகளே தமக்கு நிறைவளிப்பன என எழுதியுள்ளார். இதனை வெறும் அடக்கவுரை எனத் தள்ளுதற்கில்லை. அவர்தம் வாழ்நாட்பணி, உடலுறுப்புகளின் நுண்ணிய பகுதிகளில் நிகழும் வேதி மாற்றங்களை அளந்தறிதலேயாகும். உறைய வைத்து உலர்த்திய மூளைத் துண்டிலிருந்து தனி நரம்பணுவைப் பிரித்து, நுண்ணிய குவார்ட்சு இழைத் தராசில் நிறுத்து, அதிலுள்ள நொதிகளை அளந்தார். குருதியோட்டம் நின்ற மூளையில் சருக்கரைச் சிதைவு எவ்வாறு முடுக்கப்படுகின்றது என்பதை ஜேனட் பாசன்னோ முதலியோருடன் 1964இல் விளக்கினார். இவ்வாராய்ச்சியைப் பயன்படுத்துவோர் அத்துறையினர் சிலரே. புரதம் அளக்க வேண்டியோரோ உயிரியல் ஆய்வுக்கூடம்தோறும் உளர். எனவே எண்ணிக்கை காட்டுவது பயன்பாட்டின் பரப்பையேயன்றிக் கருத்தின் ஆழத்தையன்று. மேற்கோள் காட்டியோரிற் பலர் அக்கட்டுரையைப் படித்தேயிரார் என்பது என் துணிபு. பயன்பாடும் ஒரு தகுதியே. ஆயினும் இரண்டையும் ஒன்றெனக் கொள்வது பிழை.

இதனையொத்த வரலாறு ஒன்று நமக்கு அணித்தாகவும் உண்டு. சென்னை மருத்துவக் கல்லூரியிற் பயின்ற எல்லாப்பிரகட சுப்பராவ் 1923இல் ஹார்வர்டு சென்று, போலின் தலைமை தாங்கிய துறையிலேயே ஆராய்ச்சி செய்தார். அவரும் பிஸ்கேயும் பாஸ்பரசை அளக்கும் முறையை 1925இல் வெளியிட்டனர். அதுவும் அதே இதழில். அதன் அடையாளமும் நீல நிறமே. மிகுதியாக எடுத்தாளப்பெற்ற உயிர்வேதியியல் கட்டுரைகளுள் அதுவும் ஒன்று. அம்முறையின் துணைகொண்டே தசையிலுள்ள பாஸ்போகிரியேட்டினை 1927இல் அவ்விருவரும் அறிவித்தனர். உயிரணுவின் ஆற்றலுக்கு அடிப்படையான ஏ.டி.பி. என்னும் பொருளை 1929இல், ஜெர்மனியின் லோமன் கண்ட அதே காலத்தில், பிரித்தெடுத்தனர். ஆயினும் ஆய்வுக்கூடங்களில் சுப்பராவின் பெயர் இன்றும் வழங்குவது 'பிஸ்கே–சுப்பராவ் முறை' என்னும் தொடரிலேயே.