எல்லைக் கல்லும் அளவைக் கோடும்

வேலி ஒரு முழம் நகர்ந்தால் உறவு ஒரு காதம் விலகும். இதனை அறியாத ஊர் எமது மன்னார்க் கரையில் இல்லை.

பழைய உறுதிகளை விரித்துப் பார்ப்போமாயின், வடக்கு இன்னாருடைய வளவு, கிழக்கு ஒழுங்கை, தெற்குப் பனைவரிசை என்றே எல்லைகள் சொல்லப்பட்டிருக்கக் காண்போம். ஒல்லாந்தர் காலத்துத் தோம்புகளும் காணியையும் உடையவனையும் இறையையும் பதிந்த ஏடுகளே. வளவு கைமாறும், ஒழுங்கை அகலும், பனை விழும். பின்னர் உறுதி எதனைச் சுட்டும்?

இக்குறையை நீக்க வந்ததே அளவைக் கோடு. ஆங்கிலேயர் 1800 ஆகஸ்ட் 2இல் இலங்கை நில அளவைத் திணைக்களத்தை நிறுவினர். அவர்கள் கொணர்ந்த சங்கிலி 66 அடி நீளமும் 100 கண்ணிகளும் உடையது. பத்துச் சங்கிலி நீளமும் ஒரு சங்கிலி அகலமும் கொண்ட நிலம் ஓர் ஏக்கர்; நம் வழக்கில் 16 பரப்பு. அளவையாளர் காணியினூடே நேர்கோடொன்றை இழுத்து, அதிலிருந்து ஒவ்வொரு மூலைக்கும் செங்குத்தாகத் தூரம் அளந்து படத்திற் குறிப்பர். ஆதலின் கல் பெயர்ந்தாலும் கணக்குப் பெயராது. கோட்டை மீட்டால் கல்லையும் மீட்கலாம். நாட்டுப் படத்துக்கும் இதுவே முறை. நீர்கொழும்புக்கு அண்மையிலுள்ள கண்டவளையில் அளந்த அடிக்கோட்டின்மேலேயே முக்கோண அளவை எழுந்தது.

இதன் அருமையைப் போரே எமக்கு உணர்த்திற்று. இடம்பெயர்ந்தோர் மீண்டபோது பற்றையே வேலியாயிருந்தது. பத்தாண்டுத் தடையற்ற ஆட்சி உரிமை தரும் என்பது 1871ஆம் ஆண்டுக் கட்டளைச் சட்டம். போரினால் வழக்கிட இயலாதிருந்தோர்க்கு 1983 மே 1 முதல் 2009 மே 18 வரையான காலம் அக்கணக்கிற் சேராதென 2016ஆம் ஆண்டின் 5ஆம் இலக்கச் சட்டம் விதித்தது. சட்டம் காலத்தை மீட்கலாம். இடத்தைக் காட்டப் படம் வேண்டும்.

வங்காலை போன்ற கரையூர்க்கு மற்றுமொரு கோடுண்டு. சராசரி உயர்நீர்க் கோட்டிலிருந்து நிலப்பக்கம் 300 மீற்றர் வரை கரையோர வலயமென்பது 1981ஆம் ஆண்டுச் சட்டம். அக்கோட்டை வரைவது கடல். அதற்குக் கல் நாட்ட எவராலும் இயலாது.

இளைஞர்காள்! வீட்டுப் பெட்டியிலுள்ள உறுதியை இன்றே எடுத்துப் படிப்போம். படத்தின் இலக்கத்தைக் குறித்து வைப்போம். பெரியோர் அருகிருந்து எல்லைகளின் பெயர்களைக் கேட்டு எழுதுவோம். அவர்கள் நினைவும் ஓர் அளவைக் கோடே; அழிந்தால் மீட்டளக்க வழியில்லை.