களப்பும் மூலதனமும்: புத்தளக் கரையோர இறாற் பண்ணைகள் பற்றிய ஒரு சமூக வரலாற்று நோக்கு

தொழில்முனைவை எல்லோருக்கும் உரியதாக்குதல் வேண்டும் என்பது அண்மைக்காலப் பொருளியற் சிந்தனையிலே பெரிதும் வற்புறுத்தப்படும் ஒரு கருத்தாகும். நிரந்தர வேலை அருகிவரும் நிலையில் ஒவ்வொருவரும் தத்தம் தொழிலைத் தாமே தொடங்கிக்கொள்ளலாம் என்றும், அதற்குக் கடனும் பயிற்சியும் துணிவும் போதுமானவை என்றும் கூறப்படுகின்றது. இக்கருத்தின் மனிதாபிமானத் தொனி காரணமாக அதன் வரலாற்று அடித்தளம் பெரும்பாலும் ஆராயப்படுவதில்லை. தொழில் தொடங்குபவர் எந்த நிலத்தில், எந்த நீரில் தொடங்குகின்றார், அவை அதற்கு முன்னர் யாருடைய பாவனையில் இருந்தன என்னும் வினாக்கள் கேட்கப்படாமலே போய்விடுகின்றன. இலங்கையின் வடமேற்கே சிலாபம் முதல் புத்தளம் வரையுள்ள களப்போரங்களில் 1980களிலிருந்து வளர்ந்த இறாற் பண்ணைத் தொழில், அவ்வினாக்களை எழுப்புவதற்கு மிகப் பொருத்தமான ஒரு களமாகும்.

இக்கரையோரம் வணிகத்துக்குப் புதியதன்று. 1344இல் இங்கு வந்த இபின் பதூதா, ஆறுகள் அடித்துவந்த கறுவாக் கட்டைகள் கரையிலே குவிந்து கிடந்தமையையும், மலபாரிலிருந்தும் சோழமண்டலக் கரையிலிருந்தும் வந்தோர் ஆரியச்சக்கரவர்த்திக்குத் துணி முதலியவற்றைக் காணிக்கையாக அளித்து அவற்றை ஏற்றிச் சென்றமையையும் குறிப்பிடுகின்றார். பிரித்தானியர் ஆட்சியில் உப்பு அரச ஏகபோகமாக இருந்தது; புத்தளத்து உப்பளங்களிலே வெயிலில் நின்று உப்பு வாரியவர் யாராயினும், விற்பனை அரசின் கையிலேயே இருந்தது. கற்பிட்டியிற் பிறந்து (1807) புத்தளத்தின் மணியகாரராகக் கடமையாற்றிய சைமன் காசிச்செட்டியை நமது இலக்கிய வரலாற்றாசிரியர்கள் ‘தமிழ் புளூட்டாக்’ நூலுக்காக மட்டுமே நினைவுகூர்வது வழக்கம். 1834இல் அவர் வெளியிட்ட இலங்கை பற்றிய அகராதி முறையிலான விவரத்திரட்டும் சமூக வரலாற்று மாணவனுக்குரியதே. அது ஓர் அதிகாரியின் நோக்கிலே எழுதப்பட்டது என்பதை மறவாது படித்தல் வேண்டும்.

கடலோரத்திலே கரைவலைத் தொழில் நிலவியது. வலையும் தோணியும் சம்மாட்டிக்கு உரியவை. இழுப்போருக்கு உரியது உழைப்பு மட்டுமே. பிடிபட்ட மீனின் பெறுமதியிலிருந்து செலவு கழிக்கப்பட்டு, வலைக்கும் தோணிக்குமான பங்கு சம்மாட்டியிடம் சென்றபின் எஞ்சியது இழுத்தோரிடையே பகிரப்பட்டது. முற்பணக் கடன் அவர்களைச் சம்மாட்டியோடு பிணைத்தது. எனினும் அவ்வமைப்பிலே ஒரு பழைய விதி இருந்தது. ஒரு பாட்டில் வலை வளைப்பதற்குரிய முறை வரும்வரை அடுத்தவர் காத்திருத்தல் வேண்டும். கடல் யாருக்கும் தனிச் சொத்தன்று என்பதை உடைமை வேறுபாட்டின் நடுவிலும் அவ்விதி ஏற்றுக்கொண்டிருந்தது. 1950களின் பிற்பகுதியில் அரசு மூன்றரைத் தொன் இயந்திரப் படகுகளைத் தவணைக் கட்டணத்தில் வழங்கத் தொடங்கியபோது, இழுப்போரையும் படகுடைமையாளராக்குவதே நோக்கமெனக் கூறப்பட்டது. ஆனால் முற்பணம் செலுத்தவும் பழுது பார்க்கவும் தொழிலற்ற பருவத்தில் தவணை கட்டவும் வல்லவரே படகை வைத்திருக்க முடிந்தது.

1977இன் திறந்த பொருளாதாரக் கொள்கை இந்நிலையிலே ஒரு பெரும் மாற்றத்தை ஏற்படுத்தியது. ஏற்றுமதிக்கான வரி இறால் வளர்ப்பு முதலிற் கிழக்கிலங்கையிலே முயலப்பட்டது. போர்ச் சூழல் காரணமாக அம்முயற்சி அங்கு தடைப்பட, மூலதனம் வடமேற்கை நாடியது. வரிச் சலுகையும் அரச காணிக் குத்தகையும் பெற்ற பெருங் கொம்பனிகளே முதலில் வந்தன. யப்பானிய உணவு மேசைக்குச் செல்லும் இறால், சிலாபம், முந்தல், புத்தளம் ஆகிய களப்புகளின் ஓரங்களிலே குளங்களில் வளரத் தொடங்கியது. இம்மூன்று களப்புகளையும் இணைப்பது ஒல்லாந்தர் கால்வாய். ஒரு காலத்திலே வள்ளங்கள் சரக்கேற்றிச் சென்ற அந்நீர்வழியே பண்ணைகளுக்கு நீர் தரும் வாய்க்காலாகவும் கழிவு நீர் ஏற்கும் வடிகாலாகவும் மாறிற்று. பின்னர் நிகழ்ந்தவை யாவற்றுக்கும் இந்த ஒரு பௌதிக உண்மையே அடிப்படையாகும்.

கொம்பனிகளின் இலாபத்தைக் கண்ட உள்ளூரார் பின்தொடர்ந்தனர். கடை உரிமையாளர், தென்னந்தோட்டக்காரர், அரச ஊழியர், ஓரளவு வசதிபெற்ற மீனவர் எனப் பலரும் சில ஏக்கரில் குளம் வெட்டினர். ஏறத்தாழ நான்கு மாதத்தில் அறுவடை. ஓர் அறுவடையின் வரவு பல ஆண்டுச் சம்பளத்துக்கு நிகராகவும் இருந்ததுண்டு. ‘எல்லோரும் முதலாளி’ என்னும் சுலோகம் இங்கு உண்மையாகிவிட்டதென ஒரு கணம் தோன்றியிருத்தல் கூடும். ஆனால் குளங்கள் எழுந்த இடம் வெற்றிடமன்று. கண்டற் காடும் உவர்ச் சதுப்பும் அங்கிருந்தன. பண்ணைகளிற் பெருந்தொகையானவை அனுமதியின்றி அரச காணியிலே வெட்டப்பட்டவை. கண்டல் மீன்குஞ்சுகளின் தொட்டில். களப்பிலே நண்டும் இறாலும் பிடித்து வாழ்ந்தவரின் உற்பத்திச் சாதனத்தில் அதுவும் ஒரு பகுதியே. அதற்கு உறுதிப்பத்திரம் இல்லாதபடியால் அது பறிக்கப்பட்டதாக யாரும் கருதவில்லை. ஆங்கிலேயக் கிராமப் பொதுநிலங்கள் வேலியடைக்கப்பட்டமையை மார்க்ஸ் ஆதி மூலதனத் திரட்டலாக விளக்கினார். இங்கு வேலிக்குப் பதிலாக மண் அணை எழுந்தது. சிறு முனைவோரும் அவ்வணையைக் கட்டினர் என்பதைக் கூறாது விடுதல் நேர்மையாகாது.

நோய் வந்தது. 1980களின் இறுதியில் ஒருமுறையும், 1996இல் வெண்புள்ளி வைரசாக மிகக் கொடியதாகவும் அது பண்ணைகளைத் தாக்கியது. நோய் கண்ட குளத்தின் சொந்தக்காரர் எஞ்சிய இறாலை அவசரமாக வாரிக்கொண்டு, நீரைக் கால்வாயிலே திறந்துவிடுவார். தனிப்பட்ட முறையிலே நோக்கின் அவர் செய்தது தம் நட்டத்தைக் குறைக்கும் அறிவார்ந்த செயலே. அந்நீரையே அடுத்த பண்ணையின் பம்பி உறிஞ்சியது. தனி முனைவின் தர்க்கம் ஒவ்வொருவருக்கும் சரியாக இருந்து, எல்லோரையும் சேர்த்து அழித்தது. பெருங் கொம்பனிகள் கணக்கை முடித்துக்கொண்டு விலகின. மூலதனத்துக்கு வேறு கரைகள் உண்டு. குளத்தையும் கடனையும் விட்டு வேறெங்கும் போகவியலாத சிறு பண்ணையாளரே எஞ்சினர். பெருமூலதனம் இடர் மிகுந்த கட்டத்தைச் சிற்றுற்பத்தியாளர் தலையில் இறக்கிவைத்துவிட்டு, குஞ்சு பொரிப்பகம், தீவனம், ஏற்றுமதி ஆகிய இலாபக் கண்ணிகளைக் கைக்கொள்ளும் போக்கு விவசாயப் பொருளியல் மாணவர் நன்கறிந்ததே.

அதே 1996ஆம் ஆண்டு டிசம்பரிலே, பாக்கு நீரிணைக்கு அப்பால், நாகப்பட்டினத்து நெல் விவசாயக் கூலிகளின் போராட்டத்தை முன்னெடுத்த சர்வோதயத் தலைவர் எஸ். ஜெகந்நாதன் தொடுத்த வழக்கில், மரபு முறை சாராத இறாற் பண்ணைகளைக் கரையோர ஒழுங்குபடுத்தல் வலயத்திலிருந்து அகற்றுமாறு இந்திய உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 2005ஆம் ஆண்டுச் சட்டம் அத்தீர்ப்பின் வலுவைப் பெரிதும் குறைத்துவிட்டது. எனினும் அங்கு நிலமற்றோர் ஓர் இயக்கமாக நீதிமன்றம் வரை சென்றனர். புத்தளத்திலே தீர்வு உற்பத்தியாளரிடமிருந்து, வேறொரு வகையில் வந்தது.

1998ஆம் ஆண்டின் சட்டத்தால் நிறுவப்பட்ட தேசிய நீர்வாழ் உயிரின வளர்ப்பு அபிவிருத்தி அதிகாரசபையும், பிரதேசப் பண்ணையாளர் சங்கங்களும் இணைந்து, 2000களிலே பயிர் நாட்காட்டி என்னும் முறையை நடைமுறைப்படுத்தின. பண்ணைப் பிரதேசம் வலயங்களாகவும் உபவலயங்களாகவும் வகுக்கப்பட்டது. எந்த உபவலயம் எப்பருவத்தில் குஞ்சு விடலாம் என்பது கூட்டத்திலே தீர்மானிக்கப்படும். முறை வராதவர் குளத்தை வெறுமையாக விடுவார். குஞ்சு வைரசற்றதெனச் சோதிக்கப்பட்ட பின்னரே குளத்தில் இறங்கும். நோய் கண்டவர் அறிவித்தல் வேண்டும். நீரை உடனே திறந்துவிடல் ஆகாது. கட்டுப்பாட்டைக் காப்பது பெரும்பாலும் அயற்பண்ணையாளரின் கண்காணிப்பே. கரைவலையின் முறைவிதியை அறிந்தோர்க்கு இதன் உள்ளடக்கம் அந்நியமாகத் தோன்றாது.

சிறு பண்ணையாளர் இத்தொழிலிலே நிலைத்திருக்க முடிந்தமைக்குக் காரணம் அவர்களது முனைவுத் துணிவன்று. விரும்பியபோது விரும்பியவாறு உற்பத்தி செய்யும் சுதந்திரத்தை அவர்கள் கூட்டாகத் துறந்தனர். நீர் பொது என்பதை நோய் அவர்களுக்குக் கற்பித்தது. தொழில்முனைவு பரவலாவதற்குத் தனியார் முயற்சியின் தடைகளை நீக்கினால் போதும் என்போர், தடையே வாழ்வித்த இவ்வுதாரணத்தை விளக்குதல் வேண்டும்.

ஆயினும் இக்கூட்டுமுறையை இலட்சியமயப்படுத்துவதற்கில்லை. சங்கத்திலே இடம்பெறக் குளம் இருத்தல் வேண்டும். 1990 ஒக்டோபரில் விடுதலைப் புலிகளால் வடமாகாணத்திலிருந்து வெளியேற்றப்பட்ட முஸ்லிம்களிற் பெரும்பாலானோர் புத்தளத்திலும் கற்பிட்டியிலும் தஞ்சம் புகுந்தனர். கடையும் வயலும் படகும் உடையோராக இருந்தோர் உப்பளங்களிலும் வெங்காயத் தோட்டங்களிலும் நாட்கூலிகளாயினர். கூலிக்கான போட்டி உள்ளூர் வறியோருக்கும் அவர்களுக்குமிடையே பூசலையும் வளர்த்தது. ஒரே வர்க்கத்தின் இரு பிரிவுகள் ஒன்றையொன்று ஐயுறுவது யாருக்கு வாய்ப்பானது என்பதை விரித்துரைக்க வேண்டியதில்லை. காணியற்ற இவர்களிடம், சிறப்பாகப் பெண்களிடம், சுயதொழில் என்னும் பெயரில் வந்து சேர்ந்தது நுண்கடனே. வாரந்தோறும் வீட்டு வாசலில் அறவிடப்படும் அக்கடனின் வட்டி நாடளாவிய ஒரு துயராக வளர்ந்து, 2018இல் வறட்சியுற்ற மாவட்டங்களின் பெண்கள் பெற்ற 100,000 ரூபா வரையிலான கடன்களை அரசே தள்ளுபடி செய்யும் நிலை ஏற்பட்டது. கோழி வளர்க்கவும் இடியப்பம் அவித்து விற்கவும் எடுத்த கடன் மற்றொரு கடனை அடைக்கச் சென்றது. உற்பத்திச் சாதனமின்றிக் கடன் மட்டும் பெற்றவர் முனைவோர் ஆகவில்லை, வட்டி செலுத்துவோர் ஆயினர்.

களப்பிலே கையெறி வலையும் நண்டு வலையும் கொண்டு தொழில் செய்யும் மீனவர் நிலை இதனினும் நுண்மையானது. பயிர் நாட்காட்டி நோயைக் கட்டுப்படுத்துகின்றது. அழிந்த கண்டலை அது மீட்டுத் தருவதில்லை. கைவிடப்பட்ட குளங்களை மீண்டும் கண்டற் காடாக்கும் முயற்சிகள் சில இடங்களில் நடைபெறுகின்றன. ஆனால் உவர்ப்பேறி இறுகிய அக்காணிகள் எவருடையவை என்னும் வினா அங்கும் எழுகின்றது. அண்மை ஆண்டுகளில் வனாமி இறால் புகுத்தப்பட்டுள்ளது. அடர்த்தியாக வளர்க்கத்தக்க இவ்வினம் தீவனமும் மின்சாரமும் மிகுதியாக வேண்டுவதால், குளம் உள்ளோரிடையேயும் மூலதன வேறுபாடு கூர்மையடைதல் இயல்பு. அடுத்த பருவத்தில் யார் நீர் ஏற்றுவது எனக் கூடிப் பேசுவோர் வரிசையிலே, அதே நீரில் வலை எறிபவருக்கு இன்னும் ஓர் இருக்கை இடப்படவில்லை.