குட்டிக்கு அளந்த பெட்டி

மரக்காணத்து உப்பளங்களைத் தாண்டிக் கிழக்குக் கடற்கரைச் சாலையில் வடக்கு நோக்கிச் செல்பவர்கள், மாமல்லபுரத்தைக் கடந்த சிறிது நேரத்தில் வடநெம்மேலி முதலைப் பண்ணையைக் காண்பார்கள். அந்த வளாகத்தில்தான் இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் இயங்கி வருகிறது. உப்பளத்தில் கூலிக்கு உழைக்கும் இருளரும் அச்சங்கத்தின் இருளரும் ஒரே கடற்கரைச் சமவெளியின் மக்களே. வளர்ப்பு மலைப்பாம்புக் குட்டிக்கு எத்தனை பெரிய பெட்டி வேண்டும் என்பது பொழுதுபோக்காளர்கள் எழுப்பும் ஒரு சிறு கேள்வி. அக்கேள்வி இம்மக்களின் வரலாற்றையும் தொட்டுச் செல்கிறது என்றால் வாசகர்கள் நம்பத் தயங்கக்கூடும்.

ஒரு காலத்தில் பாம்பின் தோலே இருளர்களின் பிழைப்பாக இருந்தது. அவர்கள் பிடித்த பாம்புகளின் தோல் வணிகர்கள் கைமாறி வெளிநாடுகளுக்குப் போயிற்று. 1972-இல் வந்த வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டமும் அதைத் தொடர்ந்த ஏற்றுமதித் தடையும் அந்தத் தொழிலை முடித்து வைத்தன. ராமுலஸ் விட்டேக்கரின் முயற்சியோடு 1978-இல் உருவான கூட்டுறவுச் சங்கம் அவர்களது அறிவுக்கு வேறொரு பயனைக் கண்டது. நாகம், கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் ஆகிய நான்கையும் உரிமம் பெற்றுப் பிடிக்கிறார்கள். நஞ்செடுத்தபின் மீண்டும் காட்டில் விடுகிறார்கள். இடைப்பட்ட சில வாரங்கள் அப்பாம்புகள் வாழ்வது, வாயைத் துணியால் கட்டிய மண்பானைகளில். பானை சிறியதுதான். ஆயினும் இருட்டும் குளிர்ச்சியும் அமைதியும் அதில் உண்டு. தங்கும் காலமோ குறுகியது. எத்தனை நாள் என்பதை அறியாமல் எத்தனை அடி என்று சொல்ல இயலாது என்பதை அந்தப் பானை உணர்த்துகிறது.

ஐரோப்பியர்கள் அமைத்த கூண்டுகளின் கதை வேறு. 1841-இல் பாரிஸ் தாவரவியல் பூங்காவில் அடைபட்டிருந்த ஒரு மலைப்பாம்பு தன் முட்டைகளைச் சுற்றிச் சுருண்டு வெப்பமூட்டி அடைகாத்ததை வாலென்சியென் அளந்து பதிவு செய்தார். 1849-இல் லண்டன் விலங்குக் காட்சிச்சாலை ஊர்வனவற்றுக்கெனத் தனிக் கட்டடம் திறந்தது. அறிவு வளர்ந்தது என்பதில் ஐயமில்லை. ஆனால் அக்கூண்டுகளின் அளவு, பெரும்பாலும் பார்ப்பவரின் கண்ணுக்கு ஏற்றதாகவே அமைந்தது. இருபதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் மலைப்பாம்பு வீட்டு வளர்ப்புப் பிராணியானபோது, அளவைத் தீர்மானிக்கும் உரிமை வளர்ப்பவரின் அலமாரிக்குச் சென்றது. மேசை இழுப்பறை போன்ற பிளாஸ்டிக் பெட்டிகளை அடுக்கி, ஒவ்வொன்றிலும் ஒரு பாம்பை வைத்தார்கள். 'பெரிய தொட்டியில் விட்டால் குட்டி மிரண்டு இரையெடுக்காது' என்பது அவர்கள் சொன்ன நியாயம்.

அது பாதி உண்மை. நம் நாட்டு மலைப்பாம்பை ராஜஸ்தானத்துப் பரத்பூரில் ஆராய்ந்த எஸ். பூபதி, அவை முள்ளம்பன்றிகளின் வளைகளில் ஒண்டுவதைப் பதிவு செய்திருக்கிறார். உடலை நெருக்கிப் பிடிக்கும் இருட்டை மலைப்பாம்பு விரும்புகிறது என்பது மெய்தான். ஆனால் அதே பாம்பு குளிர்காலத்தில் வளைவாயிலுக்கு வந்து வெயில் காய்கிறது. இரை தேடி வெகுதூரம் ஊர்கிறது. ஒடுங்க ஓரிடமும் உலவ ஓரிடமும் சேர்ந்ததே அதன் வீடு. குட்டி மிரள்வதற்குக் காரணம் தொட்டியின் பெருமையன்று, அதன் வெறுமை. ஒளிவிடமும் இலைச்சருகும் நிறைந்த பெரிய தொட்டியில் குட்டி நிம்மதியாகவே இருக்கும்.

அளவு தேவைப்படுவதற்கு இன்னொரு காரணம் வெப்பம். பாம்பு தன் உடல்வெப்பத்தை இடம்பெயர்ந்தே சரிசெய்துகொள்கிறது. பெரிதும் வளர்க்கப்படும் ஆப்பிரிக்கப் பந்து மலைப்பாம்புக்கு ஒரு முனையில் 32 பாகை செல்சியஸ் அளவும் மறுமுனையில் 26 பாகை அளவும் வெப்பம் வேண்டும். சிறு பெட்டியில் இரு வெப்பநிலைகளை அமைக்கவே முடியாது. முழுப் பெட்டியும் ஒரே சூடாகிவிடும். இரு முனையிலும் உடலைத் தொடும் நெருக்கமான ஒளிவிடங்கள், ஒரு நீர்க்கலம், பாம்பு முழுதாக நீண்டு படுக்க இடம் ஆகியவை குறைந்தபட்சத் தேவைகள். இறுதியாகச் சொன்னதை 2019-இல் வார்விக் முதலான ஆய்வாளர்கள் வலியுறுத்தினார்கள். வளர்ந்த பந்து மலைப்பாம்புக்கு 4 அடி நீளமும் 2 அடி அகலமும் 2 அடி உயரமும் கொண்ட தொட்டி இன்று பரவலாகப் பரிந்துரைக்கப்படுகிறது.

இனி, குட்டியை மட்டும் அளந்தவர்களின் கதை. பர்மிய மலைப்பாம்புக் குட்டி முட்டையிலிருந்து வெளிவரும்போது ஏறத்தாழ அரை மீட்டர்; வளர்ந்தால் ஐந்து மீட்டரையும் தாண்டக்கூடும். அமெரிக்காவில் அக்குட்டிகள் மலிவாக விற்கப்பட்டன. பெட்டியை மீறி வளர்ந்த பாம்புகளைச் சிலர் புளோரிடாவின் சதுப்புநிலத்தில் விட்டார்கள். சில தப்பிச் சென்றன. 1992-ஆம் ஆண்டு ஆண்ட்ரூ புயலில் ஒரு வளர்ப்பகமே சிதைந்தது. 2012-இல் வெளியான ஆய்வொன்று எவர்கிளேட்ஸில் ரக்கூன்கள் கண்ணில் படுவது 99 சதவீதத்துக்கும் மேல் குறைந்துவிட்டதாகச் சொன்னது. அவ்வாண்டே அப்பாம்பின் இறக்குமதிக்குத் தடை வந்தது.

அந்தப் பாம்புகளைத் தேடிப் பிடிக்க 2017 ஜனவரியில் புளோரிடா அழைத்தது இருவரை: மாசி சடையன், வடிவேல் கோபால். இருவரும் இருளர்கள். முதல் எட்டு நாட்களில் 13 மலைப்பாம்புகளைப் பிடித்தார்கள். அவற்றுள் ஒன்று 16 அடி நீளப் பெண்பாம்பு. 2023-இல் இந்திய அரசு இருவருக்கும் பத்மஸ்ரீ வழங்கியது. மலைப்பாம்பைத் தொடக்கூடாது என்று ஒரு சட்டம் தடுத்த சமூகத்தின் அறிவு, பிறர் அளக்கத் தவறிய பெட்டிகளின் விளைவைச் சீர்செய்யக் கடல் கடந்து போயிற்று.

நம் நாட்டு மலைப்பாம்பை வீட்டில் வளர்க்கச் சட்டம் இடம் தரவில்லை. அதற்குரிய இடம் காடுதான். பந்து மலைப்பாம்பு போன்ற அயல்நாட்டு இனங்களை வைத்திருப்போர் 2024-இல் வந்த விதிகளின்படி பதிவு செய்ய வேண்டும். சென்னை விமான நிலையத்தில் பெட்டிகளுக்குள் அடைத்துக் கடத்தி வரப்பட்ட குட்டிகள் அவ்வப்போது பிடிபடுகின்றன. அவற்றை வாங்குவோர் விலை கேட்பார்கள், நிறம் கேட்பார்கள். பந்து மலைப்பாம்பு வளர்ப்பில் முப்பது ஆண்டுகள் வாழக்கூடும். ஆகவே குட்டியை அளப்பதற்கு முன் அந்த முப்பது ஆண்டுகளை அளந்து பார்ப்பதே முறை. அதற்கு இடமில்லாத வீட்டில் எந்தப் பெட்டியும் சரியான அளவன்று.