நசியம் முதல் தெளிப்பான் வரை

யானைக்கவுனியில் உள்ள ‘கவுனி’ மதில்வாயிலைக் குறிக்கும். பதினெட்டாம் நூற்றாண்டில் கறுப்பர் நகரைச் சூழ எழுந்த மதில் இடிந்துபோயிற்று. வால்டாக்ஸ் சாலை என்னும் பெயர் அதற்குச் சாட்சி. சற்றுத் தொலைவில், ராசப்ப செட்டித் தெருவில், நாட்டு மருந்துக் கடைகள் இன்றும் இருக்கின்றன. மூக்கடைப்புக்கென்று அங்கே சுக்கும் ஓமமும் கேட்பவர், அடுத்த தெரு மருந்துக்கடையில் தெளிப்பானும் வாங்குகிறார்.

மூக்கின் வழியே மருந்திடுவதை நம் மருத்துவ மரபு நசியம் என்றது. தேரையரின் பிணியணுகா விதி, ஒன்றரை மாதத்துக்கு ஒருமுறை நசியம் செய்துகொள்ளச் சொல்கிறது. கவனிக்க வேண்டியது, அது நோய் வருமுன் செய்யும் காப்பு என்பதே. மூக்குப்பொடியின் கதை வேறு. அது தரும் தெளிவு கணநேரத்தது. மீண்டும் டப்பாவைத் தேடவைக்கும். அறிஞர் அண்ணாவையே விடாத பொடியல்லவா!

இன்றைய தெளிப்பான்களிலும் இந்த இரு குணங்களைக் காண்கிறோம். சைலோமெட்டாசோலின், ஆக்சிமெட்டாசோலின் ஆகியவை மூக்கின் இரத்தக் குழாய்களைச் சுருக்கிச் சில நிமிடங்களில் அடைப்பை நீக்குகின்றன. சில நாள்களுக்கு மேல் தொடர்ந்தால் மருந்தே அடைப்பை உண்டாக்கும். அடைப்புக்கு அஞ்சி மீண்டும் அதே மருந்து. 1970களில் மூக்குக்கு வந்த பெக்ளோமெத்தசோனும், பின்வந்த ஃப்ளூட்டிகசோன், மோமெட்டசோனும் ஒவ்வாமையின் அழற்சியையே தணிப்பவை. முழுப்பயன் தெரிய ஒன்றிரண்டு வாரம் நாள்தோறும் இட வேண்டும். நம்மவர் மூன்றாம் நாளே ‘கேட்கவில்லை’ என்று விட்டுவிடுகிறார்கள்; ஸ்டீராய்டு என்ற சொல்லும் அச்சமூட்டுகிறது. நீண்டகால ஒவ்வாமைக்கு இவையே மேலானவை என்பது நம் துணிபு. இவற்றுக்கு இடையே, கால்மணி அரைமணியில் வேலைசெய்யும் அசெலாஸ்டின் இருக்கிறது. அதனை ஃப்ளூட்டிகசோனுடன் சேர்த்த கூட்டுமருந்து 2012இல் அமெரிக்க அனுமதி பெற்றது. அதன் காப்புரிமை இந்தியாவின் சிப்லாவுடையது.

ஆனால் வடசென்னையின் மூக்குக்கு வேறொரு வழக்கும் உண்டு. துறைமுகத்து நிலக்கரித் தூசி ராயபுரத்து வீடுகளில் பல்லாண்டு படிந்தது. உயர்நீதிமன்ற ஆணையை அடுத்து 2011இல் அங்கே நிலக்கரி கையாள்வது நின்று, எண்ணூருக்குப் போயிற்று. கரித்தூசி ஒவ்வாமைப் பொருளன்று, எரிச்சலூட்டி. முன்பே ஒவ்வாமை உள்ள மூக்கை அது மேலும் வதைக்கும். ராயபுரத்தில் தேவைப்பட்ட புட்டி இப்போது எண்ணூரில் தேவைப்படுகிறது.