சொல்லுக்கு உயிர் விலை

பெங்களூர் ஜோகுபாளையத்தில் வாழும் தமிழர் சென்னைக்கு ரயிலேறினால், அரக்கோணத்தைக் கடந்ததும் திருவாலங்காடு என்னும் நிலையத்தைக் காண்பர். காரைக்காலம்மையாரின் பெயரோடு இணைந்த அத்தலத்தை அடுத்தது பழையனூர். திருமணமும் மானமும் வாய்மையும் ஒருங்கே சோதனைக்குள்ளான கதை அவ்வூருக்கு உரியது.

மனைவியைக் கொன்ற கணவனொருவன் மறுபிறப்பில் வணிகனானான். கொலையுண்டவள் நீலி என்னும் பேயானாள். கள்ளிக் கொம்பைக் குழந்தையாக்கி இடுப்பில் ஏந்திய அவள், வணிகனைத் தொடர்ந்து வந்து, 'இவர் என் கணவர்' எனப் பழையனூர் அவையில் வழக்குரைத்தாள். குழந்தையும் அவனைத் தந்தையென அழைத்தது. வணிகனோ, 'இவள் பேய்' என்று அஞ்சினான். 'உமக்குத் தீங்கு நேரின் எங்கள் உயிரைத் தருவோம்' என்று உறுதி கூறி, 70 வேளாளரும் அவனை அவளோடு தங்கச் செய்தனர். இரவில் வணிகன் மாண்டான்; எழுபதின்மரும் தீயிற் புகுந்தனர்.

இக்கதை மிகப் பழையது. 7-ஆம் நூற்றாண்டினரான சம்பந்தரின் திருவாலங்காட்டுப் பதிகத்தில் இதன் குறிப்பு உண்டு. 12-ஆம் நூற்றாண்டில் சேக்கிழார், சொல்லைக் காத்த அவர்தம் உறுதியைத் தொண்டை நாட்டின் மேன்மையாகவே பெரியபுராணத்தில் போற்றினார்.

14-ஆம் நூற்றாண்டின் ஆங்கிலக் கவிஞர் சாசர் பாடிய கதையொன்று இதனோடு ஒப்பிடத்தக்கது. டோரிஜன் என்பாள், தன்னை விரும்பிய இளைஞனிடம், 'கடற்கரைப் பாறைகளையெல்லாம் அகற்றினால் உன் காதலை ஏற்பேன்' என விளையாட்டாகச் சொன்னாள். மாயவித்தையால் பாறைகள் மறைந்தன. அவள் கணவனோ, மனம் நொந்தும், 'சொன்ன சொல்லைக் காப்பாற்று' என்றான். அது கண்டு இரங்கிய இளைஞன் அவளை விடுவித்தான்.

கன்னட நாட்டுப் பிள்ளைகள் பாடும் புண்ணியகோடிப் பசுவின் கதையும் இத்தகையதே. கன்றுக்குப் பாலூட்டிவிட்டுச் சொன்னபடி மீண்ட பசுவைப் புலி உண்ண மறுத்தது.

இம்மூன்றிலும் ஒரு நுட்பம் புலனாகும். வாக்கைப் பெற்றவரே அதனை விடுவிக்க வல்லவர். இளைஞனும் புலியும் உயிரோடிருந்தமையால் மன்னிப்புக்கு இடமிருந்தது. பழையனூரில் வாக்குப் பெற்றவன் இறந்துபட்டான். 'போதும்' என்று சொல்ல எவருமிலர்.

எழுபதின்மரின் மாண்பைப் போற்றும் நாம், அத்துயரின் வேரையும் மறத்தலாகாது. முதலில் முறிந்தது, மணந்தவளைக் காப்பேன் என்னும் கணவனின் வாக்கே. ஒருவன் வீட்டினுள் மீறிய சொல்லுக்கு ஓர் ஊரவையே விலை கொடுத்தது.