கொல்கத்தாவில் ஒளியியல் ஆய்வு: பிரசிடென்சி கல்லூரி முதல் சால்ட் லேக் வரை

கொல்கத்தாவின் ஒளியியல் ஆய்வு மரபு 1890களில் பிரசிடென்சி கல்லூரியில் ஜகதீச சந்திர போஸ் செய்த நுண்ணலைச் சோதனைகளில் தொடங்குகிறது. பௌபஜார் தெருவில் சி. வி. ராமனும் கே. எஸ். கிருஷ்ணனும் செய்த ஒளிச்சிதறல் ஆய்வில் அது உச்சம் தொட்டது. இன்று நகரின் கிழக்கே சால்ட் லேக் எனப்படும் பிதான்நகரில் உள்ள ஆய்வு நிறுவனங்களில் தொடர்கிறது. ஒரு பொருளைச் சந்தித்த பிறகு ஒளியில் எது மாறியிருக்கிறது என்ற கேள்வியே இந்த மரபின் அச்சு. அதிரும் தளமா, நிறமா, கட்டமா என்று ஒவ்வொரு தலைமுறையும் ஒரு பண்பை எடுத்துத் துருவியது. இந்த வரலாற்றில் தமிழ்நாட்டிலிருந்து சென்றவர்களின் பங்கு பெரிது.

எவற்றை அளக்கலாம்

ஓர் ஒளிக்கற்றையில் ஐந்து பண்புகளை அளக்க முடியும்: செல்லும் திசை, செறிவு, அலைநீளம், அதிர்வுத் தளம், கட்டம். கண்ணுக்குப் புலப்படும் ஒளியின் அலைநீளம் ஏறத்தாழ 400 முதல் 700 நானோமீட்டர். இதுவே நிறமாகத் தெரிகிறது. முப்பட்டகமோ கீற்றணியோ ஒளியை நிறமாலையாகப் பிரித்து அலைநீளத்தைக் காட்டும். அதிர்வுத் தளத்தை அறிய முனைவாக்கி வேண்டும். கட்டத்தை நேரடியாகக் காண வழியில்லை. ஒரே மூலத்திலிருந்து வந்த இரு கற்றைகளைச் சேர்த்து, குறுக்கீட்டால் தோன்றும் ஒளிப் பட்டைகளையும் இருள் பட்டைகளையும் கொண்டே அதைக் கணிக்கிறார்கள்.

நுண்ணலைகளில் ஒளியியல்

மின்காந்த அலைகளும் ஒளியும் ஓரினம் என்பதை ஹைன்ரிக் ஹெர்ட்ஸ் 1888 வாக்கில் ஜெர்மனியில் சோதனையால் காட்டினார். அவருடைய அலைகள் அரை மீட்டருக்கும் மேல் நீளமானவை. அவற்றின் விலகலைக் காட்ட ஏறத்தாழ 1.5 மீட்டர் உயரமுள்ள முப்பட்டகம் வார்க்க வேண்டியிருந்தது. பிரசிடென்சி கல்லூரியில் இயற்பியல் கற்பித்த ஜகதீச சந்திர போஸ், 1894 முதல் அலையையே சுருக்க முனைந்தார். 5 மில்லிமீட்டர் வரை குறுகிய அலைகளை அவர் உண்டாக்கியதால், எதிரொளிப்பு, விலகல், முனைவாக்கம் ஆகிய அனைத்தையும் ஒரு மேசைமேல் வைத்தே சோதிக்க முடிந்தது.

5 மில்லிமீட்டர் அலை, புலப்படும் ஒளியின் அலையைவிட ஏறத்தாழ 10,000 மடங்கு நீளமானது. கண்ணால் அளக்க முடியாத நுண்ணிய தூரங்கள் இந்த அலைகளுக்குக் கையால் நகர்த்தும் தூரங்களாகிவிடுகின்றன. இதை போஸ் 1897இல் வெளியிட்ட இரட்டை முப்பட்டகச் சோதனை தெளிவாகக் காட்டியது. ஒரு முப்பட்டகத்துக்குள் முழு அக எதிரொளிப்புக்கு உள்ளாகும் அலை வெளியே வராது. ஆனால் மிக அருகில் இன்னொரு முப்பட்டகத்தை வைத்தால், இடைவெளியைத் தாண்டி அலையின் ஒரு பகுதி அதற்குள் புகுந்துவிடுகிறது. சாதாரண ஒளியில் இதைக் காண ஒரு மைக்ரோமீட்டர் அளவிலான இடைவெளி வேண்டும். போஸின் அலைகளுக்கோ சில மில்லிமீட்டர் போதும். இடைவெளி எவ்வளவு அகன்றால் அலை முற்றிலும் தடைபடுகிறது என்று அவரால் அளக்க முடிந்தது. பின்னாளில் குவாண்டம் இயற்பியலில் வந்த ஊடுருவல் விளைவை விளக்க இன்றும் இந்த அமைப்பையே எடுத்துக்காட்டாகச் சொல்கிறார்கள்.

முனைவாக்கச் சோதனைகளுக்கு அவர் சுற்றிலும் கிடைத்த பொருள்களை எடுத்துக்கொண்டார். இணையாக அடுக்கிய சணல் நார்க்கற்றை, நாரின் திசையைப் பொறுத்து அலையின் ஓர் அதிர்வுத் தளத்தை விழுங்கி மற்றதைக் கடத்திவிட்டது. சணலை முறுக்கி வைத்தபோது அதிர்வுத் தளமே திரும்பியது. முறுக்கை மாற்றினால் திரும்பும் பக்கமும் மாறியது. சர்க்கரைக் கரைசல் ஒளியின் தளத்தைத் திருப்புவது மூலக்கூறின் முறுக்கு வடிவத்தால்தான் என்பதற்கு 1898இல் வெளியான இந்த ஆய்வு கைக்கு அடக்கமான மாதிரியாக அமைந்தது.

திருச்சியிலிருந்து பௌபஜார் தெருவுக்கு

திருச்சிராப்பள்ளியை அடுத்த திருவானைக்காவலில் 1888இல் பிறந்த சந்திரசேகர வேங்கட ராமன், சென்னை மாநிலக் கல்லூரியில் மாணவராக இருந்தபோதே ஒளியில் கருத்தூன்றினார். முப்பட்டகத்தின் முகத்தில் மிகச் சாய்வாக விழுந்து எதிரொளிக்கும் ஒளியின் விளிம்பு விளைவுப் பட்டைகள் இருபுறமும் சமமாக இல்லை என்பதைக் கவனித்து அவர் எழுதிய கட்டுரை, 1906இல் லண்டனின் ‘பிலசாபிகல் மேகசின்’ இதழில் வெளியானது. அப்போது அவருக்கு வயது 18.

மறுஆண்டு இந்திய நிதித் துறை அதிகாரியாகக் கல்கத்தா சென்ற ராமன், பௌபஜார் தெரு 210ஆம் எண் கட்டடத்தில் இருந்த இந்திய அறிவியல் வளர்ச்சிக் கழகத்தைக் கண்டடைந்தார். மகேந்திரலால் சர்க்கார் 1876இல் நிறுவிய அந்தக் கழகத்தில் கருவிகள் இருந்தும் ஆய்வாளர்கள் அருகியிருந்தார்கள். அலுவலக நேரத்துக்கு முன்னும் பின்னும் அங்கே உழைத்த ராமன், 1917இல் அரசுப் பணியைவிட்டுக் கல்கத்தா பல்கலைக்கழகத்தின் பாலித் பேராசிரியர் பொறுப்பை ஏற்றார்.

1921இல் இங்கிலாந்து சென்று ‘நர்குண்டா’ கப்பலில் திரும்பும்போது அவர் கடலின் நீலத்தை ஆராய்ந்தார். அது வானத்தின் நீலம் நீரில் எதிரொளிப்பதால் வருவது என்று ராலே பிரபு கருதியிருந்தார். நீர்ப்பரப்பில் குறிப்பிட்ட கோணத்தில் எதிரொளிக்கும் ஒளி முழுதும் ஒரே தளத்தில் அதிரும். எனவே நிக்கோல் பட்டகம் என்னும் முனைவாக்கியைத் திருப்பி அதை அணைத்துவிட முடியும். ராமன் அப்படி வானத்தின் பிம்பத்தை அணைத்த பிறகும் கடல் நீலமாகவே இருந்தது, இன்னும் ஆழ்ந்த நீலமாக. நீர் மூலக்கூறுகளே ஒளியைச் சிதறடிக்கின்றன என்று முடிவுகண்டு, பம்பாய் துறைமுகத்திலிருந்தே ‘நேச்சர்’ இதழுக்கு எழுதினார்.

புதிய கதிர்

அடுத்த ஏழு ஆண்டுகள் பௌபஜார் ஆய்வகம் திரவங்களில் ஒளி சிதறுவதையே துருவியது. 1923இல் கே. ஆர். ராமநாதன், சிதறிய ஒளியில் நிறம் மாறிய மெல்லிய சுவடு ஒன்று இருப்பதைக் கவனித்தார். திரவத்தில் உள்ள அழுக்கின் ஒளிர்வு அது என்று கருதி, திரவத்தைத் திரும்பத் திரும்பத் தூய்மைப்படுத்தினார்கள். சுவடு மறையவில்லை. விருதுநகர் மாவட்டம் வத்திராயிருப்பில் பிறந்த கே. எஸ். கிருஷ்ணன் 1928 பிப்ரவரியில் அந்தச் சோதனைகளை மீண்டும் கையில் எடுத்தார்.

சோதனையின் அமைப்பு எளிமையானது. தொலைநோக்கியின் பெரிய வில்லையால் சூரிய ஒளியைக் குவித்து, நீல ஊதா வடிகட்டி வழியாகத் திரவத்தில் செலுத்தினார்கள். நீல ஊதாவை முற்றிலும் தடுக்கும் பச்சை வடிகட்டியை முதல் வடிகட்டிக்கு அடுத்து வைத்தால் திரவத்தில் இருள்தான். அதே பச்சை வடிகட்டியை எடுத்துத் திரவத்துக்கும் கண்ணுக்கும் நடுவே வைத்தபோது ஒளியின் தடம் தெரிந்தது. உள்ளே போனது நீல ஊதா மட்டும். பச்சை வடிகட்டியைக் கடந்து வருவது திரவத்துக்குள் பிறந்த வேறு நிறமாகவே இருக்க முடியும். அந்த ஒளி வலுவாக முனைவாக்கம் பெற்றிருந்தது. ஒளிர்வில் அதிர்வுத் தளம் பெரும்பாலும் சிதைந்துவிடும். எனவே இது ஒளிர்வு அன்று, சிதறலின் புதிய வகை என்று ராமனும் கிருஷ்ணனும் உறுதிகொண்டார்கள்.

1928 பிப்ரவரி 28 அன்று சூரிய ஒளிக்குப் பதில் பாதரச ஆவி விளக்கைப் பயன்படுத்தினார்கள். பாதரச ஒளியின் நிறமாலை தனித்தனிக் கோடுகளாக அமையும். அதனால் கையடக்க நிறமாலைகாட்டியில் புதிய நிறம் மங்கலான பரவலாக இல்லாமல் தனிக் கோடாகத் தெரிந்தது. நிற மாற்றத்தின் அளவு மூலக்கூறுக்கு மூலக்கூறு மாறுகிறது. எடுத்துக்காட்டாக, பாதரசத்தின் 435.8 நானோமீட்டர் நீலக் கோட்டை பென்சீனில் செலுத்தினால், பென்சீன் வளையத்தின் அதிர்வு ஒளியின் ஆற்றலில் ஒரு பங்கை எடுத்துக்கொள்ள, 455 நானோமீட்டருக்குச் சற்று மேலே புதிய கோடு தோன்றுகிறது. சிதறும் ஒளியில் ஏறத்தாழ ஒரு கோடியில் ஒரு பங்கே இப்படி நிறம் மாறுவதால், அதைப் பிடிக்கப் பொறுமையும் தூய திரவமும் இருளுக்குப் பழகிய கண்ணும் வேண்டியிருந்தன.

அதே மாதத்தில் மாஸ்கோவில் லாண்ட்ஸ்பெர்க், மாண்டெல்ஸ்டாம் இருவரும் குவார்ட்ஸ் படிகத்தில் இந்த விளைவைத் தனியாகக் கண்டார்கள். கல்கத்தா முடிவுகள் முதலில் அச்சேறின. 1930இல் ராமனுக்கு இயற்பியல் நோபல் பரிசு கிடைத்தது. பிப்ரவரி 28 இந்தியாவில் தேசிய அறிவியல் நாளாகக் கொண்டாடப்படுகிறது. விளைவு ராமன் பெயரில் வழங்கினாலும், கிருஷ்ணனின் கைத்திறனும் கூர்ந்த பார்வையும் இல்லாமல் அந்த பிப்ரவரி நிகழ்ந்திருக்காது. இருவர் பெயரையும் சேர்த்துச் சொல்வதே இந்தக் கண்டுபிடிப்புக்குச் செய்யும் நியாயம்.

ஒளியை எண்ணுதல்

கல்கத்தா பல்கலைக்கழகத்தின் அறிவியல் கல்லூரியில் ராமனுடன் பணியாற்றிய மேகநாத சாகாவும் சத்யேந்திரநாத் போஸும் வேறு வழியில் ஒளியை அணுகினார்கள். சாகா 1918இல் ஒளியின் அழுத்தத்தை அளக்கும் ஆய்வை வெளியிட்டார். 1920இல் அவர் தந்த வெப்ப அயனியாக்கச் சமன்பாடு, விண்மீன்களின் நிறமாலைக் கோடுகளிலிருந்து அவற்றின் வெப்பநிலையைப் படிக்கும் திறவுகோலானது.

சத்யேந்திரநாத் போஸ் 1924இல் டாக்காவில் இருந்தபோது, வெப்பக் கதிர்வீச்சுக்கான பிளாங்க் விதியை ஒளித்துகள்களை எண்ணுவதிலிருந்தே வருவித்தார். ஒரு ஃபோட்டானை இன்னொன்றிலிருந்து வேறுபடுத்த முடியாது; ஆகவே இரண்டும் இடம் மாறினால் அதைப் புதிய நிலையாக எண்ணக் கூடாது என்பது அவர் முறையின் சாரம். கட்டுரையை ஐன்ஸ்டைனே ஜெர்மனில் பெயர்த்து வெளியிடச் செய்தார். கணக்கற்ற ஃபோட்டான்கள் ஒரே நிலையில் கூட முடிவதற்கு அடிப்படை இந்தப் புள்ளியியல். லேசர் ஒளியின் இயல்பு அதில் அடங்கியிருக்கிறது.

பஞ்சரத்தினத்தின் கட்டம்

1934இல் கல்கத்தாவில் பிறந்த எஸ். பஞ்சரத்தினம் ராமனின் சகோதரி மகன். பெங்களூரில் ராமன் நிறுவிய ஆய்வுக் கழகத்தில் படிகங்களை ஆராய்ந்த அவர், ஒளியின் முனைவாக்க நிலையைப் படிப்படியாக மாற்றி மீண்டும் தொடங்கிய நிலைக்கே கொண்டுவந்தாலும், அதன் கட்டம் பழையபடி இருப்பதில்லை என்று 1956இல் காட்டினார். முனைவாக்க நிலைகளை ஒரு கோளத்தின் மேல் புள்ளிகளாகக் குறித்தால், ஒளி கடந்துவந்த பாதை அடைத்துக்கொள்ளும் திண்மக் கோணத்தின் பாதியே அந்தக் கட்ட மாற்றம். 1984இல் மைக்கேல் பெரி குவாண்டம் இயற்பியலில் இதே வகைக் கட்டத்தைப் பொதுநிலையில் விளக்கிய பிறகுதான், 1969இல் இளம் வயதிலேயே மறைந்துவிட்ட பஞ்சரத்தினத்தின் ஆய்வு உலகின் கவனத்துக்கு வந்தது.

சால்ட் லேக்கில் குடியேறிய ஆய்வகங்கள்

கொல்கத்தாவின் கிழக்கு விளிம்பில் உவர் சதுப்பாகக் கிடந்த நிலத்தில், ஹூக்ளி ஆற்றிலிருந்து வாரிய வண்டலைக் குழாய்கள் வழியாகக் கொண்டுவந்து நிரப்பும் பணி 1962இல் தொடங்கியது. யூகோஸ்லாவிய நிறுவனம் ஒன்று அதை மேற்கொண்டது. முதலமைச்சர் பிதான் சந்திர ராயின் திட்டமான அந்த நகர் அவர் பெயரையே பெற்றது. இடநெருக்கடி மிகுந்த மையக் கொல்கத்தாவிலிருந்து அறிவியல் நிறுவனங்கள் விரிவடைய இந்தப் புதுநிலம் இடம் தந்தது.

சாகா தொடங்கிய அணுக்கரு இயற்பியல் நிறுவனம் இங்கே செயல்படுகிறது. சத்யேந்திரநாத் போஸ் பெயரில் 1986இல் அமைந்த தேசிய அடிப்படை அறிவியல் மையம் மூன்றாம் செக்டரில் இருக்கிறது. ஜகதீச சந்திர போஸ் 1917இல் நிறுவிய போஸ் நிறுவனத்துக்கு ஐந்தாம் செக்டரில் வளாகம் உண்டு. கல்கத்தா பல்கலைக்கழகத்தின் தொழில்நுட்ப வளாகமும் மூன்றாம் செக்டரில்தான். அங்குள்ள பயன்முறை ஒளியியல், ஃபோட்டானியல் துறை, 1925இல் தொடங்கிய பயன்முறை இயற்பியல் துறையின் வழிவந்தது. வில்லை வடிவமைப்பு, இழை ஒளியியல், லேசர் ஆகியவற்றில் மாணவர்களை அது உருவாக்குகிறது.

சத்யேந்திரநாத் போஸ் மையத்தின் ஆய்வுகளில் பழைய கேள்விகள் புதிய கருவிகளோடு திரும்பி வருகின்றன. காந்தப் படலத்தில் பட்டு எதிரொளிக்கும் ஒளியின் அதிர்வுத் தளம் சிறிதளவு திரும்புகிறது. அதைத் தொடர்ந்து அளந்து படலத்தின் காந்தத் துடிப்பைக் கணிக்கிறார்கள். சணல் முறுக்கில் ஜகதீச சந்திர போஸ் அளந்ததும் தளத்தின் திருப்பத்தைத்தான். அதே படலங்களில் சிதறும் ஒளியின் அதிர்வெண் விலகலைக் கொண்டு, காந்தத் துடிப்பு பரவும் சுழல் அலைகளை அறியும் பிரில்லோவன் சிதறல் முறையும் அங்கே உண்டு. அது ராமன் சிதறலுக்கு நெருங்கிய உறவு.

இவ்வகைச் சோதனைகளில் காலத்தை அளப்பதற்கும் ஒளியே அளவுகோல். ஒரு லேசர் துடிப்பு பொருளைக் கிளறிவிட, தாமதித்து வரும் இன்னொன்று அதன் நிலையைப் பதிவுசெய்கிறது. ஒளி ஒரு ஃபெம்டோ நொடியில், அதாவது ஒரு நொடியின் 100 கோடியில் ஒரு பங்கை மேலும் 10 லட்சமாகப் பிரித்தால் வரும் நேரத்தில், 0.3 மைக்ரோமீட்டர் செல்லும். எனவே இரண்டாம் துடிப்பின் வழியில் உள்ள கண்ணாடியை 15 மைக்ரோமீட்டர் பின்னே நகர்த்தினால், போய்வரும் பாதை 30 மைக்ரோமீட்டர் நீண்டு 100 ஃபெம்டோ நொடித் தாமதம் கிடைக்கிறது. எந்தக் கடிகாரத்தாலும் அளக்க முடியாத நேரம் இப்படி ஒரு திருகாணியின் நகர்வில் அளக்கப்படுகிறது.

பயனும் மதிப்பும்

ராமன் நிறமாலையியல் இன்று மருந்துத் தரச் சோதனையிலும் மணிக்கல் ஆய்விலும் அன்றாட முறை. 2021இல் செவ்வாயில் இறங்கிய ‘பெர்சவரன்ஸ்’ ஊர்தியும் பாறைகளை ஆராய ராமன் கருவிகளைச் சுமந்து சென்றது. தொலைதூர இணைய இழைகளில் மங்கும் ஒளியை, இழையின் கண்ணாடியில் நிகழும் தூண்டிய ராமன் சிதறலால் வலுவூட்டுகிறார்கள். ஐந்தாம் செக்டரின் மென்பொருள் அலுவலகங்கள் வாழ்வதே இழை வழியே ஓடும் ஒளியை நம்பித்தான். ஜகதீச சந்திர போஸ் தொடங்கிவைத்த மில்லிமீட்டர் அலைகள் இன்று கம்பியில்லாத் தொடர்பில் பயன்படுகின்றன. 2012இல் அமெரிக்க மின், மின்னணுப் பொறியாளர் கழகம் போஸின் மில்லிமீட்டர் அலைச் சோதனைகளையும் ராமன் விளைவையும் பொறியியல் வரலாற்று மைல்கற்களாக அறிவித்தது.

பௌபஜாரின் வில்லையும் வடிகட்டிகளும் அன்று பல நாடுகளின் ஆய்வகங்களில் கிடைத்தவைதாம். கல்கத்தாவுக்கு வெற்றி தந்தது சோதனையின் அமைப்பு. எதிர்பாராத சுவடு தென்பட்டபோது அதை அழுக்கு என்று ஒதுக்கிவிடாமல், அழுக்கு இல்லை என்று நிறுவும் வரை தூய்மைப்படுத்தினார்கள். பிறகு தளத்தையும் நிறத்தையும் தனித்தனியே சோதித்து ஐயத்தை அகற்றினார்கள். ஒளியியல் பயிலும் மாணவருக்கு இந்த வரலாற்றில் மிகவும் பயன்படும் பாடம் இதுவே.