மலைக்குளிரும் தெர்மோஸ்டாட்டும்: தென்னிந்தியப் பீர் வரலாற்றின் ஓர் ஓரம்

பீர்ப் புட்டிகளைக் குளிர்விக்கும் பெட்டியில் உள்ள தெர்மோஸ்டாட் பருகுவதற்கு வேண்டிய குளிரை மட்டுமே அறியும். 2 முதல் 8 பாகை செல்சியஸ் வரையிலான குறுகிய எல்லைக்குள் இயங்குமாறு அது அமைக்கப்பட்டிருக்கும். பார்லிச் சாறு நொதித்துப் பீராவதற்கோ வேறு அளவு வேண்டும்: ஏல் வகைக்கு 18 முதல் 20 பாகை, லாகர் வகைக்கு 8 முதல் 13 பாகை. ஆகவே பழைய பெட்டியொன்றை நொதிகலனுக்கு உறைவிடமாக்க விரும்புவோர் பெரும்பாலும் முதலில் அதன் தெர்மோஸ்டாட்டைத்தான் மாற்றுகின்றனர். ஒரு பிற்பகலில் முடியும் வேலைதான். எனினும் இக்கருவி எதற்காகப் பிறந்தது, யாருடைய இடத்தை நிரப்பியது என்று கேட்டால், மைசூர்ப் பீடபூமியின் மதுவரலாறு வரை செல்ல நேரிடுகிறது.

‘தெர்மோஸ்டாட்’ என்னும் சொல்லில் இரு கிரேக்க வேர்கள் உள்ளன. ஒன்று வெப்பத்தையும் மற்றொன்று நிலைத்து நிற்பதையும் குறிக்கும். இச்சொல்லை வழக்கிற்குக் கொண்டுவந்தவர் ஸ்காட்லாந்து வேதியியலர் ஆண்ட்ரூ யூர். வெவ்வேறு அளவில் விரியும் இரு உலோகப் பட்டைகளை ஒன்றாகப் பிணைத்தால், சூடேறுகையில் பட்டை வளையும்; அவ்வளைவே அடைப்பானைத் திறந்து மூடும். 1830இல் இதற்கு அவர் பெற்ற காப்புரிமை, ஆவியாக்கல், வடித்தல் முதலிய பணிகளில் வெப்பத்தைச் சீராக்குவதைக் குறிவைத்தது. இக்கருத்து அவருக்கு முன்பே இருந்தது. 17ஆம் நூற்றாண்டில் கொர்னேலிஸ் டிரெப்பல் தானே வெப்பம் காக்கும் அடைகாப்புப் பெட்டியை உருவாக்கியிருந்தார். இந்த யூர்தான் 1835இல் ‘உற்பத்தித் தொழிலின் தத்துவம்’ எனும் நூலில் கைத்திறனாளரின் இடத்தை இயந்திரம் கொள்வதைப் போற்றியவர். மார்க்ஸ் ‘மூலதன’த்தில் எள்ளி நகையாடியவரும் இவரையே. அடுப்பருகே கண்விழித்திருந்த ஆளை வெளியேற்றும் கருவியாகவே தெர்மோஸ்டாட் கற்பனை செய்யப்பட்டது என்று கொள்வது மிகையாகாது.

இந்தியாவில் அக்கருவிக்கு முன் அதன் பணியைச் செய்தது மலை. 19ஆம் நூற்றாண்டில் பிரிட்டிஷ் படைவீரர்களுக்குப் பீர் இங்கிலாந்திலிருந்து கப்பலில் வந்தது. பல மாதப் பயணம், பெருஞ்செலவு. உள்நாட்டிலேயே காய்ச்ச முற்பட்டோர் கசௌலி, சோலன், மர்ரீ, நீலகிரி என மலைகளையே நாடினர். ஊற்றுநீர் ஒரு காரணம், மற்றொன்று குளிர். ஏறத்தாழ 2,240 மீட்டர் உயரத்திலுள்ள உதகையில் நொதித்தலுக்குத் தேவையான தட்பத்தைக் காற்றே தந்தது. 1915இல் தாமஸ் லீஷ்மன் என்னும் ஸ்காட்லாந்துக்காரர் தென்னிந்தியாவின் ஐந்து மதுவடிசாலைகளை இணைத்து யுனைடெட் ப்ரூவரீஸ் நிறுவனத்தை உருவாக்கினார். அவற்றுள் நீலகிரி ஆலைகளும் பெங்களூர் ஆலைகளும் இருந்தது தற்செயலன்று.

குளிரை மலையிலிருந்து இறக்கியவர் ஜெர்மானியப் பொறியியலர் கார்ல் வான் லிண்டே. அவருடைய குளிர்பதன இயந்திரத்தின் தொடக்கச் சோதனைகள் 1870களில் மியூனிக்கின் ஸ்பாட்டன் மதுவடிசாலையில் நடந்தன. இறைச்சிக்கும் பாலுக்கும் பரவும் முன்பே குளிர்பதனத்திற்குப் பீர்த் தொழில் பெரும் புரவலராக இருந்தது. ஆனால் இயந்திரக் குளிர் வீட்டுக்குள் நுழைய மின்சாரம் வேண்டும். காவிரியின் சிவசமுத்திர அருவியில் 1902இல் பிறந்த மின்சாரம் முதலில் கோலார் தங்கவயலுக்குச் சென்றது; 1905இல் பெங்களூருக்கும் 1908இல் மைசூர் நகருக்கும் வந்தது. அரண்மனை நகரத்தைவிடச் சுரங்கத்திற்கே முன்னுரிமை.

மைசூரின் உயரம் ஏறத்தாழ 770 மீட்டர். உதகையின் குளிரும் இல்லை, சென்னையின் வெக்கையும் இல்லை. கோடையில் பகல்வெப்பம் 34 பாகையைத் தாண்டும். இவ்வெப்பத்தில் ஏல் ஈஸ்ட் விரைந்து உழைக்கும். ஆனால் பீரில் கரைப்பான் நெடியும் தலைவலி தரும் உயர் ஆல்கஹால்களும் மிகும். லாகர் ஈஸ்டின் நிலை இன்னும் மோசம். அது ஒரு கலப்பினம். அதன் குளிர்விரும்பும் மூதாதையான சாக்கரோமைசிஸ் யூபயானஸ் 2011இல் படகோனியாவின் பீச் மரக்காடுகளில் கண்டறியப்பட்டது. இந்தியாவில் பெருமளவு விற்பதும் லாகரே. குளிர்நிலத்து நுண்ணுயிரை இங்குக் குடியேற்றியதற்கு இன்றுவரை செலுத்தப்படும் வாடகை என்று தெர்மோஸ்டாட்டைச் சொல்லலாம்.

இதற்கு நேர்மாறானது ஈச்சங்கள். மரத்தில் கட்டிய பானையிலேயே, இவ்வூர் வெப்பத்திலேயே, இவ்வூர் நுண்ணுயிரால் அது நொதிக்கும். எடுத்த அன்றே பருகப்படும். நெடுநாள் தாங்கவும் நெடுந்தொலைவு செல்லவும் வேண்டிய படைமுகாம் பீருக்குத்தான் கட்டுப்படுத்திய குளிர் தேவைப்பட்டது. கள் ‘பழமை’ என்றும் பீர் ‘நவீனம்’ என்றும் எழுதப்படும் வரலாறுகள் இந்தத் தேவை வேறுபாட்டைக் கவனிப்பதில்லை.

மாற்றும் வேலைக்கு வருவோம். பழைய தெர்மோஸ்டாட்டில் வளிமம் அடைத்த நுண்குழாய் இருக்கும். வெப்பத்தால் வளிமம் விரிந்து துருத்தியைத் தள்ள, மின்தொடர்பு இணையும். அதனிடத்தில் இப்போது மின்னணு உணரியும் ரிலேயும் அமைகின்றன. உணரியைப் பெட்டியின் காற்றில் தொங்கவிட்டால் பயனில்லை. நொதித்தல் தானே வெப்பம் உமிழ்வதால் கலத்தினுள் காற்றைவிடச் சில பாகை கூடுதலாக இருக்கும். எனவே கலத்தின் சுவரோடு ஒட்டி, மேலே பஞ்சு வைத்து மூடுவர். கம்ப்ரஸர் நின்றதும் சில நிமிடம் ஓய்வு தரவேண்டும். உள்ளழுத்தம் சமமாகும் முன் மீண்டும் இயக்கினால் மோட்டார் கெடும்.

இவ்வறிவு மைசூருக்கு அந்நியமன்று. 1950இல் செலுவாம்பா மாளிகையில் தொடங்கிய மத்திய உணவுத் தொழில்நுட்ப ஆராய்ச்சி நிறுவனத்தில் நொதித்தலுக்கெனத் தனித்துறையே உண்டு. மார்கழிக் குளிரில் இட்லி மாவு பொங்காதபோது பாத்திரத்தைத் துணியால் சுற்றி அடுப்போரம் வைக்கும் பெண்களும் வெப்பநிலையைக் கட்டுப்படுத்துபவரே. யூர் வெளியேற்ற நினைத்த அந்தக் கண்விழிப்பு இங்கே ‘கைப்பக்குவம்’ என்ற பெயரில், தொழில்நுட்ப வரலாற்றுக்கு வெளியே நிற்கிறது.

வீட்டுப் பீர் வெளியே நிற்பதற்குக் காரணம் வேறு. 1965ஆம் ஆண்டுக் கர்நாடக ஆயத்தீர்வைச் சட்டப்படி உரிமமின்றி மது உற்பத்தி செய்வது குற்றம். பெட்டியின் தெர்மோஸ்டாட்டை மாற்றுவதில் சட்டத்தடை ஏதுமில்லை. அதனுள் வைக்கும் கலத்தில் என்ன நொதிக்கிறது என்பதில்தான் தடை. ஆலைகளுக்குப் பதிவேடுகள் உண்டு, ஆயத்தீர்வைத் துறைக்கு வழக்குக் கோப்புகள் உண்டு. 18 பாகையில் நிறுத்தப்பட்ட ஒரு திருகி, யார் குறிப்பேட்டிலும் ஏறாமல், பெட்டியோடு பழைய இரும்புக் கடைக்குப் போய்விடுகிறது.